புறணியின் பரப்பளவை அளப்பது எப்படி: ஃப்ரீசர்ஃபரில் தொடக்கம் முதல் முடிவு வரை

பெருமூளையின் மேலுறையான புறணியின் தடிமனும் பரப்பளவும் ஒரே எம்ஆர்ஐ படத்திலிருந்து, ஃப்ரீசர்ஃபர் என்ற ஒரே மென்பொருளில், ஒரே ஓட்டத்தில் கிடைத்துவிடுகின்றன. அதனாலேயே பலர் இரண்டையும் ஒரே மாதிரி கையாளுகிறார்கள். பரப்பளவு ஆய்வுகளில் வரும் தவறுகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் வருகின்றன.

ஒரு குடத்து நீரை இரண்டு சொம்புகளில் ஊற்றினால் நீரின் சூடு மாறாது, அளவு மட்டும் பிரிந்துபோகும். தடிமன் சூட்டைப் போன்றது. 2.5 மி.மீ. தடிமனுள்ள பகுதியை இரண்டாக வெட்டினாலும் ஒவ்வொன்றும் 2.5 மி.மீ.தான். பரப்பளவு நீரின் அளவைப் போன்றது. 600 சதுர மி.மீ. பகுதியை நடுவில் வெட்டினால் 300, 300 ஆகிவிடும். எந்தக் கட்டத்திலும் கூட்டுத்தொகை கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் ஒவ்வொரு படியும் ஏன் இருக்கிறது என்று தானாகவே விளங்கும்.

இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்கு உயிரியல் காரணமும் உண்டு. புறணியின் பரப்பளவை நிர்ணயிப்பது செங்குத்தான செல் தூண்களின் எண்ணிக்கை, தடிமனை நிர்ணயிப்பது ஒவ்வொரு தூணிலும் உள்ள செல்களின் எண்ணிக்கை என்ற கருதுகோளை நரம்பியல் ஆய்வாளர் பாஸ்கோ ராகிச் 1988-இல் முன்வைத்தார். பிறகு வந்த இரட்டையர் ஆய்வுகள், இரண்டின் மரபணு வேர்களும் பெரும்பாலும் தனித்தனி என்று காட்டின. பல நாட்டு மூளை ஆய்வாளர்கள் சேர்ந்த எனிக்மா கூட்டமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வில் 50,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவு இருந்தது. அதில் பரப்பளவோடு தொடர்புடைய மரபணு இடங்கள் தடிமனோடு தொடர்புடையவற்றைவிடப் பல மடங்கு அதிகம். இரண்டையும் பெருக்கிக் கன அளவாக மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு மறைந்துபோகும்.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள். சப்ஜெக்ட்ஸ்_டிர் மாறி முழுவதும், ‘-டி2’, ‘-டி2பியல்’ கொடிகளின் ‘டி’, ‘வி1’-இன் ‘வி’ ஆகியவை மட்டும் பேரெழுத்தில் வரும். நீளமான சொற்களுக்கு முன்னால் இரண்டு கோடும், படத்திலிருந்து புறணியை வரையும் ரீகான்-ஆல் கட்டளைக்கு மட்டும் ஒற்றைக் கோடும் வரும்.

படம் எப்படி இருக்க வேண்டும்

டி1 படம் (வெண்பொருள் வெளிறித் தெரியும் எம்ஆர்ஐ), எம்பிரேஜ் வகை, எல்லாத் திசையிலும் 1 மி.மீ. வாக்சல் (முப்பரிமாணப் படப்புள்ளி). இது போதும். 0.8 அல்லது 0.7 மி.மீ. படம் இருந்தால் ரீகான்-ஆலில் ‘-ஹைரெஸ்’ கொடியை (கட்டளையோடு சேர்க்கும் விருப்பச் சொல்லை) சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் மென்பொருள் படத்தை 1 மி.மீ.க்கு மாற்றிவிடும், கூடுதல் நுணுக்கம் வீணாகும். ஒரே ஆய்வில் பாதிப் பேருக்கு 1 மி.மீ., மீதிப் பேருக்கு 0.8 மி.மீ. என்று கலக்க வேண்டாம்.

காந்தப்புலச் சரிவால் வரும் நெளிவைத் திருத்தும் வசதி ஸ்கேனரிலேயே இருக்கும். அதை இயக்கி எடுத்த படத்தையே வாங்குங்கள். நீளத்தில் 1 சதவீதப் பிழை இருந்தால் பரப்பளவில் அது 2 சதவீதமாகிவிடும். நோயாளிகளுக்கும் நலமானவர்களுக்கும் இடையே நீங்கள் தேடும் வித்தியாசமும் ஏறத்தாழ அந்த அளவுதான் இருக்கும். எல்லோருக்கும் ஒரே திருத்தம் நடந்திருக்கிறதா என்பதைப் படத்தின் தலைப்புத் தகவலில் பாருங்கள்.

ஸ்கேனின்போது தலை அசைந்த படத்தைக் காப்பாற்ற முயல வேண்டாம். அசைவு, சாம்பல் பொருளின் (நரம்புச் செல்கள் நிறைந்த புறணித் திசுவின்) கன அளவையும் தடிமனையும் குறைத்துக் காட்டும் என்பது 2015-இலேயே நிறுவப்பட்ட உண்மை. குழந்தைகள், முதியவர்கள், நடுக்கம் உள்ளவர்கள் அதிகம் அசைவார்கள். அப்படி வரும் ‘வித்தியாசம்’ மூளையில் இருப்பது அல்ல, அசைவில் இருப்பது.

ஓட்டம்

ஃப்ரீசர்ஃபர், பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் மார்ட்டினோஸ் மையத்தில் உருவாக்கப்பட்டு வரும் இலவச மென்பொருள். லினக்ஸிலும் மேக்கிலும் நேரடியாக ஓடும். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வழியாக விண்டோஸிலும் ஓட்டலாம். குறைந்தது 8 ஜிபி ரேம் வேண்டும். லைசென்ஸ் கோப்பை மறக்காதீர்கள், அது இல்லாமல் ஓட்டம் தொடங்காது. சப்ஜெக்ட்ஸ்_டிர் என்ற மாறியில் உங்கள் தரவுக் கோப்புறையைக் குறித்துவிட்டு:

ரீகான்-ஆல் -எஸ் நபர்01 -ஐ நபர்01_டி1.என்ஐஐ -ஆல் -கியூகேஷ்

ஒருவருக்குப் பல மணி நேரம் ஆகும். ‘-பேரலல்’, ‘-ஓப்பன்எம்பி 4’ சேர்த்தால் இரண்டு அரைக்கோளங்களும் ஒரே நேரத்தில் ஓடும்.

எல்லோரையும் ஒரே பதிப்பில், ஒரே இயங்குதளத்தில் ஓட்டுங்கள். பதிப்பும் கணினியும் இயங்குதளமும் மாறினால் விடையும் மாறுகிறது என்று 2012-இல் வெளியான ஒரு ஆய்வு அளந்தே காட்டியது. பாதி ஆய்வில் பதிப்பை மேம்படுத்த வேண்டி வந்தால் எல்லோரையும் திரும்ப ஓட்டுவதுதான் ஒரே வழி. நோயாளிகள் பழைய பதிப்பிலும் ஒப்பீட்டுக் குழு புதிய பதிப்பிலும் இருந்தால் அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பே இல்லை.

உள்ளே என்ன நடக்கிறது

மென்பொருள் முதலில் வெண்பொருளுக்கும் (புறணிக்கு உள்ளேயுள்ள நரம்பிழைத் திசுவுக்கும்) சாம்பல் பொருளுக்கும் இடையேயான எல்லையை முக்கோண வலையாக வரைகிறது. அதுதான் ‘எல்ஹெச்.வைட்’ (வலப்பக்கத்துக்கு ‘ஆர்ஹெச்’). பிறகு அதே வலையை வெளியே தள்ளி, சாம்பல் பொருளுக்கும் மூளைத்தண்டுவட நீருக்கும் இடையேயான எல்லைக்குக் கொண்டுபோகிறது. அது ‘எல்ஹெச்.பியல்’. இரண்டிலும் உச்சிகளின் (முக்கோண முனைகளின்) எண்ணிக்கையும் இணைப்பும் ஒன்றே. ஓர் அரைக்கோளத்தில் ஒன்றரை லட்சத்தை ஒட்டிய உச்சிகள் இருக்கும்.

முக்கோணத்தின் பரப்பளவு எளிது: இரண்டு பக்க வெக்டர்களின் குறுக்குப் பெருக்கத்தின் நீளத்தில் பாதி. ஆனால் கோப்பில் எழுதப்படுவது முக்கோணத்தின் எண் அல்ல, உச்சியின் எண். ஒவ்வொரு முக்கோணமும் தன் பரப்பை மூன்றாகப் பிரித்து, தன் மூன்று உச்சிகளுக்கும் சமமாகக் கொடுக்கிறது. ஓர் உச்சியை எடுத்துக்கொள்வோம். அதைச் சுற்றி ஆறு முக்கோணங்கள்: 0.30, 0.34, 0.28, 0.36, 0.31, 0.33 சதுர மி.மீ. கூட்டினால் 1.92. மூன்றில் ஒரு பங்கு 0.64. இதுதான் ‘எல்ஹெச்.ஏரியா’ கோப்பில் அந்த உச்சிக்கு நேரே இருக்கும் எண். அந்தக் கோப்பின் எல்லா எண்களையும் கூட்டினால் வலையின் மொத்தப் பரப்பு அப்படியே வந்துவிடும், எதுவும் சிந்தாது.

உச்சிகளின் எண்ணிக்கையையே பரப்பளவாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அட்டவணையில் ‘நம்வெர்ட்’ என்ற பத்தி ‘சர்ஃப்ஏரியா’ பத்திக்குப் பக்கத்திலேயே இருப்பதால் வரும் குழப்பம் இது. உச்சிகள் சீராகப் பரவியிருப்பதில்லை. அந்த எண்ணைப் பயன்படுத்தவே கூடாது.

எந்தப் பரப்பு?

வெண்பரப்பையே (‘வைட்’ வலையின் பரப்பையே) முதன்மை அளவாக எடுங்கள். இதில் தயக்கம் வேண்டாம். பியல் பரப்பு, தடிமன் மாறும்போது கூடவே மாறும். முதுமையில் புறணி மெலிந்தால் பியல் வலை உள்ளே இறங்கும், செல் தூண் ஒன்றும் குறையாமலேயே பரப்பளவு குறைந்ததுபோல் தெரியும். போதாததற்கு மூளையை மூடியிருக்கும் டியூரா உறையையும் இரத்தநாளங்களையும் சாம்பல் பொருள் என்று எடுத்துக்கொள்ளும் பிழை முழுக்க பியல் பக்கம்தான் நடக்கிறது. ‘எல்ஹெச்.ஏபார்க்.ஸ்டாட்ஸ்’ கோப்பில் வரும் பரப்பளவு வெண்பரப்புடையது. பியல் வேண்டுமென்றால் ‘எல்ஹெச்.ஏபார்க்.பியல்.ஸ்டாட்ஸ்’ தனியாக இருக்கிறது. மான்ட்ரியலின் சிவெட் போன்ற மென்பொருள்கள் இரண்டுக்கும் நடுவிலுள்ள பரப்பைப் பயன்படுத்துகின்றன. அதனால் ஒரு மென்பொருளின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு நேருக்கு நேர் ஒப்பிட முடியாது.

ஓர் அரைக்கோளத்தின் வெண்பரப்பு, வளர்ந்தவர்களிடம் பொதுவாக 75,000 முதல் 1,05,000 சதுர மி.மீ.க்குள் வரும். 55,000 என்றோ 1,30,000 என்றோ வந்தால் எண்ணை நம்பாதீர்கள், படத்தைத் திறங்கள்.

கண்ணால் பார்ப்பது

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். முழு வேலையிலும் இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

முதலில் எண்கள். வெண்பரப்பு வலை சரியாக இருந்தால் அது கோளத்தின் இடவமைப்பைக் கொண்டிருக்கும்: உச்சிகள் கழித்தல் விளிம்புகள் கூட்டல் முக்கோணங்கள் 2 வரும். இதுதான் ஆய்லர் எண். இறுதி வலையில் மென்பொருள் அதைத் திருத்தி 2 ஆக்கிவிடுவதால் அதைப் பார்த்துப் பயனில்லை. திருத்துவதற்கு முந்தைய ‘ஒரிக்.நோஃபிக்ஸ்’ வலையைப் பாருங்கள். அதன் ஆய்லர் எண் −48 என்றால் 25 ஓட்டைகள் இருந்தன என்று பொருள் (1 கழித்தல் ஆய்லர் எண்ணில் பாதி). இதே எண்ணிக்கை ‘ஏசெக்.ஸ்டாட்ஸ்’ கோப்பில் ‘சர்ஃபேஸ்ஹோல்ஸ்’ என்ற வரியிலும் இருக்கும். எல்லோருக்கும் இதை எடுத்து வரிசைப்படுத்துங்கள். ஓட்டை அதிகமுள்ளவர்களின் படங்கள்தான் பெரும்பாலும் அசைந்தவை. அவற்றிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்.

அடுத்து ஃப்ரீசர்ஃபரோடு வரும் படம் பார்க்கும் கருவியான ஃப்ரீவியூவில் டி1 படத்தைத் திறந்து, வெண்பரப்பை மஞ்சள் கோடாகவும் பியலை சிவப்புக் கோடாகவும் போட்டு, முகத்துக்கு இணையான வெட்டுகளில் முன்னிருந்து பின்னாக நகருங்கள். மூன்று இடங்களில் நின்று பாருங்கள்.

பொட்டு மடலின் முன்முனை: இங்கே படம் மங்கலாக இருக்கும். மஞ்சள் கோடு முனை வரை போகாமல் பாதியிலேயே திரும்பிவிடும். வெளிர்நிறமாகத் தெரியும் வெண்பொருள் இழை ஒன்று கோட்டுக்கு வெளியே அநாதையாக நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்த இழை விடுபட்டால், அதைச் சுற்றியுள்ள மடிப்பின் இரண்டு பக்கங்களும் சேர்ந்து விடுபடும். தடிமனில் சிறு பிழையாகத் தெரிவது பரப்பளவில் பல நூறு சதுர மி.மீ. ஆகிவிடுவது இப்படித்தான்.

கண்குழிக்கு மேலுள்ள முன்மடல்: காற்றறைகளுக்குப் பக்கத்தில் இருப்பதால் சமிக்ஞை சிதையும், கோடு பல்லுப்பல்லாக வரும். பல்லுப்பல்லான கோட்டின் பரப்பு உண்மையைவிட அதிகம்.

உச்சந்தலையிலும் பொட்டுப் பக்கத்திலும் டியூரா: சிவப்புக் கோடு மூளையை விட்டு விலகி, மண்டையோட்டின் உட்பக்கமாக ஓடும். வெண்பரப்பை மட்டும் பயன்படுத்துகிறீர்கள் என்றால் இது அவ்வளவு தொல்லை இல்லை. பியலையும் அறிக்கையிடப் போகிறீர்கள் என்றால் திருத்தியே ஆக வேண்டும். டி2 படம் (நீர் வெளிறித் தெரியும் வேறு வகை எம்ஆர்ஐ) இருந்தால் ‘-டி2’, ‘-டி2பியல்’ கொடிகளோடு ஓட்டினால் டியூராவின் பெரும்பகுதி தானாகவே விலகும்.

திருத்துவதற்கு மூன்று வழிகள். வெண்பொருள் மங்கலாகி விடுபட்டிருந்தால் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் வையுங்கள். மென்பொருள் அந்த இடங்களின் ஒளிர்வை 110-க்கு உயர்த்தும். சந்தேகமே இல்லாத வெண்பொருளில் மட்டும் வையுங்கள். எல்லையில் வைத்தால் சாம்பல் பொருளும் வெண்மையாகி மஞ்சள் கோடு வெளியே பிதுங்கும். வைத்த பிறகு ‘-ஆட்டோரீகான்2-சிபி -ஆட்டோரீகான்3’ ஓட்ட வேண்டும். ஒளிர்வு சரியாக இருந்தும் வெண்பொருள் விடுபட்டிருந்தால் ‘டபிள்யூஎம்’ கோப்பில் 255 என்று தீட்டுங்கள், தவறாகச் சேர்ந்திருந்தால் 1 என்று அழியுங்கள். பிறகு ‘-ஆட்டோரீகான்2-டபிள்யூஎம் -ஆட்டோரீகான்3’. டியூரா மட்டும் பிரச்சினை என்றால் ‘பிரெய்ன்மாஸ்க்’ கோப்பில் அழித்துவிட்டு ‘-ஆட்டோரீகான்-பியல்’.

திருத்துபவருக்கு யார் நோயாளி, யார் நலமானவர் என்று தெரியக் கூடாது. கோப்புப் பெயரிலேயே குழு தெரிந்தால் பெயரை மாற்றிக் கொடுங்கள்.

பகுதிவாரி அட்டவணை

புறணியைப் பெயரிட்ட பகுதிகளாகப் பிரிக்கும் வரைபடம்தான் அட்லஸ். டெசிகன்-கில்லியனி அட்லஸில் ஓர் அரைக்கோளத்துக்கு 34 பகுதிகள், டெஸ்ட்ரியூவில் 74.

ஏபார்க்ஸ்டாட்ஸ்2டேபிள் --ஹெமி எல்ஹெச் --சப்ஜெக்ட்ஸ் நபர்01 நபர்02 --மீஸ் ஏரியா --டேபிள்ஃபைல் இடது_பரப்பு.டிஎக்ஸ்டி

மொத்த வெண்பரப்பும் இதே அட்டவணையில் ஒரு பத்தியாக வரும். 34 பகுதிகளோடு அதையும் சேர்த்து 35 பகுதிகள் என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டு அரைக்கோளங்களும் சந்திக்கும் உட்சுவர் புறணி அல்ல. மூடிய வலையின் மொத்தத்தை நீங்களே கணக்கிட்டால் அந்தச் சுவரும் உள்ளே வந்துவிடும். ‘எல்ஹெச்.கார்டெக்ஸ்.லேபிள்’ கொண்டு அதை நீக்குங்கள்.

பகுதி அளவுகளில் பரப்பளவுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. அட்லஸின் எல்லை 2 மி.மீ. நகர்ந்தால் சராசரித் தடிமன் ஏறக்குறைய அப்படியே இருக்கும், பரப்பளவோ நேரடியாக மாறும். அதனால் சின்னப் பகுதிகளில் கவனம் வேண்டும்: முன்மடல் முனை, பொட்டுமடல் முனை, என்டோரைனல் பகுதி, மேல் பொட்டுப்பள்ளத்தின் கரைகள். இவற்றில் மட்டும் முடிவு வந்தால் எல்லைக் கோட்டை ஒவ்வொருவர் படத்திலும் திறந்து பாருங்கள். முதன்மைப் பார்வைப் புறணியை அளக்க ‘வி1_எக்ஸ்விவோ’ லேபிளைப் பயன்படுத்தும்போதும் இதே கதைதான். அதில் ‘த்ரெஷ்’ என்று முடியும் பதிப்பை எடுங்கள். மற்றதில் நிகழ்தகவு மிகக் குறைந்த உச்சிகளும் இருப்பதால் பரப்பு ஊதிப்பெருகும்.

உச்சி உச்சியாக ஒப்பிடுவது

ஒவ்வொருவர் வலையும் வேறு. ஒப்பிட எல்லோரையும் பொதுவான ஒரு வலைக்குக் கொண்டுவர வேண்டும். அது எஃப்எஸ்ஆவரேஜ்: அரைக்கோளத்துக்கு 1,63,842 உச்சிகள், 3,27,680 முக்கோணங்கள். தடிமனை அங்கே கொண்டுபோவது எளிது, பக்கத்து உச்சியின் எண்ணை எடுத்துக்கொண்டால் போதும். பரப்பளவில் அப்படிச் செய்தால் ஓர் உச்சியின் பங்கு இரண்டு இடங்களில் எண்ணப்படும், இன்னொன்றின் பங்கு எங்கும் வராமல் போகும். கூட்டுத்தொகையைக் காக்க, வலை நீண்ட, சுருங்கிய அளவுக்கேற்ப எண்ணை மாற்றும் யாக்கோபியன் திருத்தம் தேவை. ‘எம்ஆர்ஐ_சர்ஃப்2சர்ஃப்’ கட்டளையை நேரடியாக ஓட்டினால் ‘--ஜாக்’ கொடியை நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

எந்த வழியில் போனாலும் கூட்டிப் பாருங்கள். பைத்தானில் நைபேபல் நூலகத்தால் ‘எல்ஹெச்.ஏரியா’ கோப்பைப் படித்துக் கூட்டுங்கள். எஃப்எஸ்ஆவரேஜுக்கு மாற்றி, இன்னும் மழுங்கச் செய்யாத (அக்கம்பக்க உச்சிகளோடு சராசரியாக்காத) கோப்பையும் கூட்டுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவருக்கு 92,000, மாற்றிய பிறகு 84,000 என்றால் திருத்தம் நடக்கவில்லை. ஐந்து நிமிட வேலை. எல்லோருக்கும் செய்யுங்கள்.

மழுங்கச் செய்ய 10 மி.மீ. என்பது நல்ல தொடக்கம். ‘-கியூகேஷ்’ போட்டிருந்தால் ‘எல்ஹெச்.ஏரியா.எஃப்டபிள்யூஹெச்எம்10.எஃப்எஸ்ஆவரேஜ்’ ஏற்கெனவே தயாராக இருக்கும். உச்சி அளவில் பரப்பளவின் பரவல் வலப்பக்கம் சாய்ந்திருக்கும், மடக்கை எடுத்தால் மணி வடிவமாகும் லாக்நார்மல் வடிவத்துக்கு நெருக்கமானது. மடக்கை எடுத்துவிட்டு ஆய்வு செய்வது நல்லது.

தலை அளவு

பெரிய தலைக்குப் பெரிய பரப்பு. இதைச் சரிசெய்யாமல் இரண்டு குழுக்களை ஒப்பிட்டால் மூளை முழுக்க வித்தியாசம் தெரியும், அதில் சொல்ல எதுவும் இருக்காது. தடிமனுக்கு இந்தத் திருத்தம் பொதுவாகத் தேவைப்படுவதில்லை. அதைப் பார்த்துப் பழகியவர்கள் பரப்பளவிலும் விட்டுவிடுகிறார்கள்.

பரப்பளவைத் தலையின் கன அளவால் வெறுமனே வகுப்பது தவறு. ஒன்று சதுர அலகு, மற்றொன்று கன அலகு. வடிவம் மாறாமல் பெரிதானால் பரப்பு, கன அளவின் மூன்றில் இரண்டு அடுக்காகத்தான் வளரும். மனித மூளையில் அதைவிடவும் வேகமாக வளர்கிறது, ஏனென்றால் பெரிய மூளையில் மடிப்பும் அதிகம். பகுதிக்குப் பகுதி இந்த வேகம் மாறுகிறது. எனவே வகுக்காமல், இரண்டுக்கும் மடக்கை எடுத்து, தலை அளவை மாதிரியில் ஒரு கூட்டுமாறியாகச் சேருங்கள். சரிவைத் தரவே சொல்லட்டும்.

எதைக் கொண்டு திருத்துகிறோம் என்பது கேள்வியையே மாற்றும். மண்டைக்குள் கன அளவைச் சேர்த்தால் ‘இந்தத் தலைக்கு இவ்வளவு புறணி குறைவா?’ என்று கேட்கிறோம். மொத்தப் பரப்பளவைச் சேர்த்தால் ‘மொத்தத்தில் இந்தப் பகுதியின் பங்கு குறைவா?’ என்று கேட்கிறோம். முதலாவதில் தெரியும் முடிவு இரண்டாவதில் மறையலாம், இரண்டுமே சரியான விடைதான். தரவைப் பார்ப்பதற்கு முன்பே எது உங்கள் கேள்வி என்று எழுதி வைத்துவிடுங்கள். ஃப்ரீசர்ஃபர் தரும் மண்டைக்குள் கன அளவு, தாலைராக் பதிவிலிருந்து (படத்தைப் பொதுவான மூளை வார்ப்போடு பொருத்துவதிலிருந்து) கணக்கிட்ட மதிப்பீடு. அந்தப் பதிவு பிசகியிருந்தால் அந்த எண்ணும் பிசகும். ஒவ்வொருவருக்கும் அதையும் ஒருமுறை பாருங்கள்.

புள்ளியியல் சோதனை

இங்கே பரப்பளவு தடிமனைவிட மோசமாக ஏமாற்றும். 2018-இல் ஃப்ரீசர்ஃபர் குழுவின் டக் கிரீவும் புரூஸ் ஃபிஷலும் வித்தியாசமே இருக்க முடியாத குழுக்களை உருவாக்கிச் சோதித்தார்கள். 5 சதவீதமாக இருக்க வேண்டிய பொய் முடிவுகள், வழக்கமான கிளஸ்டர் திருத்தத்தில் (வித்தியாசம் தெரியும் உச்சிக் கூட்டங்களின் அளவை வைத்துச் செய்யும் திருத்தத்தில்) தடிமனுக்கு 10 சதவீதத்தையும், பரப்பளவுக்கும் கன அளவுக்கும் 20 முதல் 30 சதவீதத்தையும் எட்டின. குழுப் பெயர்களைப் பலமுறை கலைத்துப் போட்டுப் பார்க்கும் வரிசைமாற்றச் சோதனையில் எல்லாமே கட்டுக்குள் இருந்தன. எனவே பரப்பளவுக்கு வரிசைமாற்றம் மட்டுமே:

எம்ஆர்ஐ_ஜிஎல்எம்ஃபிட்-சிம் --ஜிஎல்எம்டிர் கோப்புறை --பெர்ம் 1000 3.0 ஆப்ஸ் --சிடபிள்யூபி 0.05 --2ஸ்பேசஸ்

3.0 என்பது 0.001 என்ற பி மதிப்பின் எதிர்மறை மடக்கை. ‘--2ஸ்பேசஸ்’ இரண்டு அரைக்கோளங்களையும் சோதித்ததற்கான திருத்தம். வயது, தலை அளவு போன்ற தொடர்மாறிகள் மாதிரியில் இருந்தால் இந்தக் கட்டளை பிழை காட்டி நின்றுவிடும். அதை வலுக்கட்டாயமாக ஓடவைக்கும் கொடி உண்டு, அதைத் தொடாதீர்கள். ஆண்டர்சன் விங்க்லர் உருவாக்கிய பாம் என்ற கருவி இந்த மாதிரிகளை முறையாகக் கையாளும்.

பல ஸ்கேனர்கள் இருந்தால் காம்பேட் முறையால் ஸ்கேனர் வித்தியாசத்தை நீக்கலாம், ஒரே ஸ்கேனரில் ஒரே குழு மட்டும் இருந்தால் அதுவும் காப்பாற்றாது. ஒரே நபரைப் பல ஆண்டுகள் தொடர்ந்தால் ‘-பேஸ்’, ‘-லாங்’ வழியில் ஓட்டுங்கள், தனித்தனி ஓட்டங்களைக் கழித்துப் பார்க்க வேண்டாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் வெண்பொருளும் சாம்பல் பொருளும் டி1 படத்தில் இடம் மாறியோ ஒன்றுபோலவோ தெரியும். அவர்களுக்கென்றே உள்ள ஃப்ரீசர்ஃபர் பதிப்பு வேண்டும்.

கட்டுரை எழுதும்போது ‘புறணிப் பரப்பளவு’ என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். வெண்பரப்பா பியலா, மென்பொருள் பதிப்பு, இயங்குதளம், வாக்சல் அளவு, எத்தனை பேரின் வலை கையால் திருத்தப்பட்டது, எத்தனை பேர் எந்த ஓட்டை வரம்பில் நீக்கப்பட்டார்கள், உட்சுவர் நீக்கப்பட்டதா, எதைக் கொண்டு தலை அளவு திருத்தப்பட்டது, திருத்துவதற்கு முன்னும் பின்னும் முடிவு என்ன என்பதெல்லாம் முறைகள் பகுதியிலேயே வர வேண்டும்.